என் பேரில் ஒன்றும் இல்லை

கரங்கான், கெடா
2 மார்ச் 2025

அன்புத் தம்பி லோகேஸ்வரனுக்கு அக்கா ரூபினி எழுதுவது. நானும் உன் மாமாவும் அம்மாவும் இங்கே சுகம். அம்மாவின் முட்டிவலி மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. டப்ளினில் குளிர் குறைந்ததா? ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே. சோறாக்கிச் சாப்பிடு.

வாட்சாப்பில் எழுதாமல் எதற்கு மின்னஞ்சல் என்று கேட்பாய். அம்மா இப்போது என் கைப்பேசியைத்தான் தன்னுடையது என்று வைத்திருக்கிறார். நீ அனுப்புவதை எல்லாம் எடுத்துப் படித்து தாமான் வீடுகள் முழுக்க ஒலிபரப்பிவிடுகிறார். போன வாரம் உனக்குச் சளி என்று எழுதியிருந்தாய். மறுநாளே எதிர்வீட்டு பாப்பம்மா அக்கா ஒரு பொட்டலம் திப்பிலியோடு வந்து நிற்கிறார், டப்ளினுக்கு அனுப்பச் சொல்லி! ஆகவே நமக்குள் முக்கியமானது எல்லாம் இனி இதில்தான்.

பள்ளி திறந்துவிட்டது. நம் கைப்பேசிச் செயலி 'வேன் வந்தாச்சு'வும் ஓடத் தொடங்கிவிட்டது. உன் மாமா ஓட்டும் பள்ளி வேனுக்காக விளையாட்டாக ஆரம்பித்தது, இப்போது செர்டாங் பக்கத்து வேன்காரர்கள் வரை போய்விட்டது. காளிதாசன் அண்ணனை ஞாபகம் இருக்கிறதா, அப்பாவோடு லாரி ஓட்டியவர்? அவர்தான் அங்கே முன்னால் நிற்கிறார். முதலில், "எனக்கு எதுக்குலா கைப்பேசில டிக்கு? பிள்ளைங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றார். இப்போது டிக் போடாமல் காடியை நகர்த்துவதில்லை. பிள்ளை ஏறினால் ஒரு டிக், இறங்கினால் ஒரு டிக், உடனே தாய்க்குச் செய்தி. ஒரு பிள்ளைக்கு விட்டுப்போனாலும் கைப்பேசி கத்தும். பயணத்தை முடிக்கவே விடாது. "உன் தம்பி பொல்லாதவன்லா. என் பொண்டாட்டி மாதிரியே கத்த வச்சிருக்கான்" என்கிறார்.

ஆமாம், உன்னைத்தான் சொல்கிறார். ஊரெல்லாம் அப்படித்தான் நினைக்கிறது. நீ வெளிநாடு போகும்போது கொடுத்த லேப்டாப்பில்தானே நான் செயலியை எழுதுகிறேன். அதில் உன் பேரும், எழுதியதை உள்ளே ஏற்றும் உன் சாவியும் போட்டபடியே இருக்கின்றன. ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து நான் தட்டுகிற ஒவ்வொரு வரியும் லோகேஸ்வரன் எழுதியது என்றே ரெப்போவில் சேர்கிறது. செயலிக்கான கோட் முழுவதும் குவிந்திருக்கும் இடம் அது, அங்கே போய்ப் பார்த்தால் நான் ஒரு வரி எழுதவில்லை! மாற்ற ஒரு நிமிஷம் போதும். மாற்றத் தோன்றியதே இல்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இதில் உன் பேர் என்ன, என் பேர் என்ன.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா கேட்டதாக எழுதச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா


டப்ளின்
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் கடிதத்தைப் படித்து ரயிலில் தனியாகச் சிரித்தேன். சளி போய்விட்டது, திப்பிலி வராமலே. அம்மாவின் முட்டிக்குத் தைலம் வாங்கினாயா? மாமா இன்னும் அந்தப் பழைய வேனைத்தான் ஓட்டுகிறாரா?

ஒரு நல்ல சேதி. இங்கே ஒரு ஃபவுண்டேஷன் இருக்கிறது. சின்ன ஊர்களில் சனங்கள் தாங்களாகச் செய்துகொண்ட மென்பொருள்களைத் தேடி எடுத்து வளர்ப்பவர்கள். நம் 'வேன் வந்தாச்சு'வைக் காட்டினேன். அப்படியே பிடித்துக்கொண்டார்கள். மே மாதம் அவர்கள் முன்னால் பேசப் போகிறேன்.

நீ ஒரு உதவி செய்ய வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்குள் சிக்னல் இல்லாதபோது டிக் காத்திருந்து பிறகு போகும் பகுதி இருக்கிறதல்லவா? அது எப்படி வேலை செய்கிறது, ஏன் அப்படிச் செய்தோம் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பு. அதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும், இருந்தாலும் உன் வார்த்தையில் இருந்தால் நன்றாக இருக்கும். வேன்களின் படமும் நாலைந்து.

ரெப்போவில் யார் கை வைக்கலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்ற அனுமதிகளையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தச் சொல்வார்கள். சும்மா ஒரு சம்பிரதாயம். நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி,
லோகா


கரங்கான்
14 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு, அனைவரும் சுகம். தைலம் வாங்கியாயிற்று, அம்மா அதை முட்டிக்குத் தேய்க்காமல் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறார், நீ வரும்போது காட்ட.

வெள்ளிக்கிழமை லீவு என்பதால் காலையிலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் என்ன, மூன்று பக்கமே எழுதிவிட்டேன். இதோடு இருக்கிறது. உன் மாமா வேன்களைக் கழுவி நிறுத்தி வைத்துப் படம் எடுத்தார். காளிதாசன் அண்ணன் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறார், பார்.

ஆங்கிலத்தில் எழுத முடியாத ஒன்றைத் தமிழில் சொல்கிறேன். முதல் வருஷம் சிடாம் கிரிப் பக்கம் ஒரு தாய் சிம்பாங் முச்சந்தியில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். நானும் உன் மாமாவும் வந்த வேன் செம்பனைக்குள் இருந்தது. சிக்னல் இல்லை. அந்த மடக் கைப்பேசி, பிள்ளை ஏறவே இல்லை என்று அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போது செருப்பில்லாமல் ரோட்டில் ஓடி வந்துகொண்டிருந்தாள். வேனுக்குள் மகனைப் பார்த்த பிறகும் அவளுக்கு அழுகை நிற்கவில்லை. அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். கைப்பேசி தானாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. டிரைவர் விரல் வைக்காமல் எந்தப் பிள்ளையும் ஏறியதாகவோ இறங்கியதாகவோ ஆகக் கூடாது. சிக்னல் இல்லையா, டிக் உள்ளேயே காத்திருக்கட்டும். இதை மட்டும் அவர்களிடம் அழுத்திச் சொல்.

இன்னொன்று. பேசும்போது என் பேரையும் ஒரு தடவை சொல்லடா. பெரிதாக ஒன்றும் வேண்டாம், அக்காவும் எழுதினாள் என்று ஒரு வரி போதும். லேப்டாப் என்ன பேர் சொன்னால் எனக்கென்ன என்று இருந்தேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் என்றதும் சின்ன ஆசை வந்துவிட்டது. சிரிக்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


கரங்கான்
23 மே 2025

அன்புத் தம்பிக்கு, நலமா? மார்ச்சில் நான் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. அம்மாவிடம் போனில் பேசினாயாம், பேச்சு நன்றாகப் போனதாம், எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். பாப்பம்மா அக்கா மூலமாகத்தான் எனக்கே தெரிந்தது. சந்தோஷம். என் வரியைச் சொன்னாயா?

ஒரு சின்னச் சிக்கல். நீளமான பேர் உள்ள பிள்ளைகளுக்குத் திரையில் பேர் பாதியோடு வெட்டுப்படுகிறது. யோகேஸ்வரி, யோகே ஆகிவிடுகிறாள். நேற்று அதைச் சரி செய்து ஏற்றப் போனால், ரெப்போ உள்ளே விடவில்லை. உனக்கு அனுமதி இல்லை என்கிறது. லேப்டாப்பில் இருந்த உன் சாவியை ரத்து செய்திருக்கிறாய் போல. சரி, பழைய சாவி, பாதுகாப்புக்காக எடுத்திருப்பாய் என்று என் சொந்தப் பேரில் போனேன். முன்னொரு காலம் நீயே திறந்து, எழுதும் அனுமதியும் கொடுத்தாயே, அந்தப் பேரில். அதற்கும் அனுமதி இல்லையாம். பார்க்கலாம், கை வைக்கக் கூடாதாம்.

நான் வாய்விட்டுத் திட்டியதைக் கேட்டு உன் மாமா என்னவென்று கேட்டார். ரெப்போ ஒரு ஸ்டோர் மாதிரி, யாரும் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், சாவி இருந்தால்தான் உள்ளே பொருள் வைக்கலாம், அங்கே வைப்பது மறுநாள் எல்லா வேன்காரர் கைப்பேசிக்கும் போய்விடும் என்றேன். "அப்ப உன் தம்பி பூட்ட மாத்திட்டானா?" என்றார். "சேச்சே, சாவி எங்கயோ தவறியிருக்கும்" என்றேன்.

பார்த்துக் கொடு. யோகேஸ்வரி முழுப் பேரோடு பள்ளிக்குப் போகட்டும்.

அன்புடன்,
அக்கா


டப்ளின்
7 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நீங்கள் எல்லாரும் நலமா? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை ஒரே நெருக்கடி.

சாவி தவறவில்லை. ஃபவுண்டேஷன் ரெப்போவை எடுத்துக்கொண்டதும் ஒரு விதி வைத்தார்கள். கடந்த ஒரு வருஷத்தில் எதுவும் எழுதாதவர்களின் அனுமதி எல்லாம் தானாக நீங்கிவிடும். யாரையும் குறி வைத்து இல்லை. ரெக்கார்டில் உன் பேரில் ஒன்றும் இல்லை அக்கா. அதனால் போய்விட்டது. இனி நீ எதையாவது மாற்ற வேண்டுமென்றால் கோரிக்கையாக அனுப்பலாம். அவர்கள் ஆட்கள் பார்த்துச் சரியென்றால் சேர்ப்பார்கள். எல்லாருக்கும் அதே வழிதான்.

பேச்சில் உன் பேரைச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே. யார் எழுதினார்கள் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதாதா?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி,
லோகா


கரங்கான்
8 ஜூன் 2025

தம்பி லோகேஸ்வரனுக்கு, நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

போதாது.

உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த ஃபவுண்டேஷனுக்குத் தெரியாது அல்லவா? ஏன் தெரியாது? நீ சொல்லவில்லை. ரெக்கார்டில் என் பேர் ஏன் இல்லை என்று உனக்கு விளக்க வேண்டுமா? அந்த லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, உன் பேரைப் போட்டு, என் மடியில் வைத்துவிட்டு விமானம் ஏறியவன் நீ. நீ போன பிறகு உன் கையால் இதில் ஏறியது என்ன? தேடிப் பார்த்தேன். நிறத்தைப் பச்சையாக்கினாய். ஒரு எழுத்துப்பிழை திருத்தினாய். அதையும் தப்பாகத் திருத்தி, நான் மறுபடி திருத்தினேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர்களுக்கு ஒரு வரி எழுது. "என் பேரில் இருப்பதெல்லாம் என் அக்கா எழுதியது, அவள் அனுமதியைத் திருப்பிக் கொடுங்கள்." அவ்வளவுதான். அந்த ஒரு வரி வந்தால் நான் இந்தக் கடிதத்தை மறந்துவிடுவேன்.

வயிறு எரிகிறது லோகா. வெளியாள் செய்திருந்தால் இரண்டு கெட்ட வார்த்தையோடு போயிருக்கும்.

அக்கா


கரங்கான்
18 ஜூலை 2025

தம்பிக்கு, உடம்பு எப்படி இருக்கிறது? நீ பதில் எழுதவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

யோகேஸ்வரியின் பேருக்கான திருத்தத்தை, மானத்தை விட்டு, கோரிக்கையாகவே அனுப்பினேன். யாரோ ஒரு பெண் பதில் போட்டாள். முதல் முறை பங்களிப்பவரா, வரவேற்கிறோம், புதியவர்களுக்கான வழிகாட்டி இதோ என்று. என் வீட்டுக்குள் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறாள்! நல்ல பெண்தான். அவளுக்கு என்ன தெரியும். கோட்டுக்கு நடுவே நான் தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டார்களாம், யாருக்கும் புரியவில்லையாம். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டார்களா? நீ என்ன சொன்னாய்?

அந்த ஃபவுண்டேஷன் பக்கத்தில் உன் படம் வந்திருக்கிறது. நீல சட்டை. கீழே உன் பேர். பேருக்குக் கீழே, இதைத் தனி ஒருவனாக உருவாக்கியவர் என்று ஒரு வரி. அம்மா அதைக் கூலிமில் ஒரு கடையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி மேடையில் முருகன் பக்கத்தில் வைத்துவிட்டார். "என்னா போட்டிருக்கு, படி" என்றார். அவருக்குத்தான் இங்கிலீஷ் வராதே. "உன் மவன் கெட்டிக்காரன்னு போட்டிருக்கு" என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?

அதை விடு. இது அவசரம். காத்திருக்கும் பகுதியை எடுக்கப் போகிறார்கள் என்று ரெப்போவில் பார்த்தேன். வேன் பள்ளியைத் தாண்டினாலே எல்லாப் பிள்ளைகளும் இறங்கியதாகத் தானாக டிக் விழுமாம், டிரைவருக்கு வேலை மிச்சமாம். லோகா, அது ஆபத்து. வேன் நின்றால் பிள்ளை இறங்கிவிட்டது என்று அர்த்தமா? தூங்குகிற பிள்ளை? அந்த மூன்று பக்கத்தை நீ அவர்களிடம் காட்டவே இல்லையா? கோரிக்கையின் கீழ் எழுதிப் பார்த்தேன். முதல் முறை வந்தவள் பேச்சு எங்கே ஏறும்? உன் ஒரு சொல்லுக்கு அது நிற்கும். நிறுத்து. என் பேர் கிடக்கட்டும், இதை மட்டும் நிறுத்து.

அக்கா


டப்ளின்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல்.

உன் கவலை புரிகிறது. ஆனால் இவர்கள் பெரிய பெரிய ஊர்களில் இதையே செய்தவர்கள். இடத்தைக் காட்டும் தொழில்நுட்பம் இப்போது மிகத் துல்லியம். மனிதக் கையை நம்புவதைவிட அது மேல் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கொஞ்சம் உணர்ச்சிவசப்படாமல் யோசித்துப் பார்.

அம்மா படம் அனுப்பியிருந்தார். சாமி மேடை அழகாக இருக்கிறது.

லோகா


கரங்கான்
9 செப்டம்பர் 2025

லோகேஸ்வரனுக்கு, நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இந்த வாரம் அதைச் சும்மா சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு லீவு. கெடாவில் அன்றுதான் பள்ளி வாரம் தொடங்குகிறது. அதுவாவது ஞாபகம் இருக்கிறதா? காளிதாசன் அண்ணன் செர்டாங்கில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கினார். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கடைசி சீட்டில் பையை அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. வேன் பள்ளி வாசலைத் தாண்டியதும் உங்கள் துல்லியம் டிக் போட்டுவிட்டது. எல்லாரும் இறங்கியாயிற்று, பயணம் முடிந்தது என்று பச்சைத் திரை. நீ போட்ட பச்சை. தாய்க்கும் செய்தி போய்விட்டது. கைப்பேசி கத்தவில்லை. இரண்டு வருஷமாக அது கத்தினால்தான் பின்னால் திரும்பிப் பார்ப்பது என்று அந்த மனிதரைப் பழக்கியது நான்தான். கத்தவில்லை, ஆகவே பூட்டிவிட்டு ஒட்டுக்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

கடைக்காரம்மாதான் பார்த்தாள். "அண்ணே, உங்க வேன்ல கை மாதிரி தெரியுதே" என்றிருக்கிறாள். திறந்தபோது பிள்ளை வேர்வையில் தொப்பலாக நனைந்து, அழ நினைத்தும் சத்தம் வராமல் கிடந்ததாம். தண்ணீர் கொடுத்து, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், பிழைத்துக்கொண்டது. நன்றாக இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, வேன் என்னை மறந்துடுச்சி" என்றது.

எனக்குக் காலையிலேயே போன் வந்துவிட்டது. மற்ற வேன்களிலாவது அந்தத் தானியங்கி டிக்கை நிறுத்த வேண்டுமே, ஒரு வரியை மாற்றினால் போதும், எந்த வரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கை வைக்க அனுமதி இல்லை. அனுமதி உள்ளவர்களுக்கு அங்கே நடு ராத்திரி, எல்லாரும் போர்வைக்குள். உனக்கு அடித்தேன், அடித்தேன், எடுக்கவில்லை. கடைசியில் நானும் உன் மாமாவும் வேன்காரர் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, பின் சீட்டைப் பாருங்கள், பின் சீட்டைப் பாருங்கள் என்று கத்தினோம்.

மாலையில் காளிதாசன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "எப்படிலா? உன் தம்பி எழுதுனதுதானே, எப்படிலா இப்படி ஆவும்?" என்றார். "எழுதுனது அவன் இல்லண்ணே, நான். மாத்துனது அவனுங்க" என்றேன். அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அன்றே பழைய கோட் முழுவதையும் எடுத்து என் பேரில் வேறொரு ரெப்போ திறந்துவிட்டேன். யாரும் நகல் எடுக்கலாம் என்றுதானே உரிமம் இருக்கிறது. லேப்டாப்பில் பேரை மாற்றினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நேற்றும் இன்றும் வேன் நிற்கும் இடங்களுக்குப் போய் ஒவ்வொரு கைப்பேசியிலும் பழையதையே போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ரூபினி


டப்ளின்
10 செப்டம்பர் 2025

என் அன்பு அக்கா, நலமா? பிள்ளை உண்மையிலேயே நலமா? படித்ததிலிருந்து கை கால் ஓடவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரலில் என் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். என்னையும். அம்மாவுக்குத் தெரியாது. இந்த ஃபவுண்டேஷன் வேலைதான் என்னை இங்கே நிறுத்தியது. தனியாக உருவாக்கியவன் என்பதால்தான் எடுத்தார்கள். நடுவில் உன் பேரைச் சொல்லும் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்றே போய்விட்டது.

இப்போது விசாரிக்கிறார்கள். நீ எனக்கு ஒரு வரி எழுதிக் கொடு அக்கா. டிரைவர் விதிப்படி பின் சீட்டைப் பார்க்காமல் விட்டார், தவறு மென்பொருளுடையது அல்ல என்று. வேன்காரர்கள் பக்கத்திலிருந்து வந்தால் ஏற்றுக்கொள்வார்கள். காளிதாசன் அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது, எங்கோ இருக்கும் ஃபைலில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்தப் புது ரெப்போவையும் கொஞ்ச நாள் மறைத்து வை. அதற்குள் உனக்கு முழு அனுமதியும் வாங்கித் தருகிறேன், என் அளவுக்கே. சத்தியமாக.

நீ கைவிட்டால் எனக்கு வேறு யார்?

உன் தம்பி,
லோகா


கரங்கான்
3 அக்டோபர் 2025

தம்பி லோகேஸ்வரனுக்கு, நாங்கள் சுகம். அந்தப் பிள்ளையும் சுகம், பள்ளிக்குப் போகிறது, இப்போது முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம் பிடிக்கிறதாம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ஏப்ரலில் வேலை போனபோது என்ன சாப்பிட்டாயோ என்று நினைத்து ஒரு ராத்திரி அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரலிலேயே சொல்லியிருக்கலாமேடா. அக்கா, வேலை போய்விட்டது, உன் உழைப்பை என் பேரில் காட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தால், எடுத்துக்கோ என்று அன்றைக்கே கொடுத்திருப்பேன். ஊருக்கெல்லாம் நானே சொல்லியிருப்பேன், என் தம்பி எழுதியது என்று. அத்தனை வருஷம் சொல்லாமலே கொடுத்துக்கொண்டுதானே இருந்தேன். நீ கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு, வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, ரெக்கார்டில் உன் பேரில் ஒன்றும் இல்லை என்று எனக்கே கடிதம் எழுதினாய். அது எனக்கு ஆறாது.

நான் ஒரு வரி கேட்டபோது உனக்குத் தரத் தோன்றவில்லை. இப்போது நீ ஒரு வரி கேட்கிறாய், அதுவும் இன்னொருவர் தலையில் பழி போட. காளிதாசன் அண்ணன் இன்னும் வேன் ஓட்டப் போகவில்லை. மகனை அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எழுதித் தரமாட்டேன். நடந்தது முழுவதையும் நானே அவர்களுக்கு எழுதிவிட்டேன், அந்த மூன்று பக்கத்தையும் சேர்த்து. நல்லபடியாகப் பேசிய அந்தப் பெண்தான் பதில் போட்டாள். உன்னைப் பற்றி என்ன முடிவெடுத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் என் ரெப்போவில் சேர அனுமதி கேட்டிருந்தாய். பார்த்தேன். பழைய வரிகளில் உன் பேரை நான் அழிக்கவில்லை. அழிக்க வழி இருக்கிறது, மனசு வரவில்லை. ஆனால் எழுத அனுமதி இல்லை. பார்க்கலாம். ஏதாவது திருத்தம் இருந்தால் கோரிக்கையாக அனுப்பு, எல்லாருக்கும் அதே வழிதான். நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வா. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். உனக்குப் பிடித்த அச்சுமுறுக்குக்கு அம்மா மாவு அரைக்கச் சொல்லிவிட்டார். வேலை போனதை நான் சொல்லவில்லை, நீயே சொல்.

மற்றதெல்லாம் அவருக்குத் தெரியும். காளிதாசன் அண்ணன் வந்து போன மறுநாள் காலையில் சாமி மேடையிலிருந்து உன் படத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "அன்னிக்கு நீ படிச்சது பொய்தானே? சரியா படி" என்றார். படித்தேன். "அப்ப நீ ஷிப்ட் முடிஞ்சி வந்து உக்காந்து தட்டிக்கிட்டு இருந்தது என்னா?" என்றார். பிறகு தையல்பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து, "அது எந்த வரிலா, காட்டு" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். உன் பேரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருந்த வரியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, படத்தைத் திரும்பவும் முருகன் பக்கத்திலேயே வைத்தார்.

அம்மா கேட்டதாக எழுதச் சொன்னார்.

ரூபினி